என் கால், பிறர் செல்

காலுக்கு இரத்தம் போகாமல் நலிந்த சதையை, முன்பின் அறியாத ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை ஊசியில் ஏற்றித் தேற்றப் பார்ப்பது இன்றைய மருத்துவ முறைகளில் ஒன்று. இந்தியாவில் இதற்கென அரசின் ஒப்புதல் பெற்ற மருந்தே இருக்கிறது. மருத்துவர் பார்வையில் இது புண் ஆறுகிறதா, வலி குறைகிறதா, கால் மிஞ்சுகிறதா என்ற கணக்கு. சிந்தனையாளர் பார்வையில் இதற்குள் மூன்று பழைய கேள்விகள் இருக்கின்றன. பிறர் செல்லால் ஆறிய காலை ‘என் கால்’ என்று சொல்பவர் யார்? ஊசிக்குள் இருக்கும் அந்தச் செல் உயிரா, பொருளா? கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் நடுவில் இருப்பது தானமா, கடனா, விலையா?

இம்மூன்றுக்கும் தமிழ்நாட்டில் விக்கிரவாண்டியைச் சுற்றிய ஊர்களிலேயே பழைய விடைகள் உண்டு. புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபியின் கதையைத் தலவரலாறாகக் கொண்ட பனையபுரம், உடல் வேறு உயிர் வேறு என்பதற்குக் காரணம் அடுக்கிய மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர், தமிழ்ச் சமணரின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர் ஆகிய மூன்றும் விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். பனையபுரத்துக்கு மிக அருகே, முண்டியம்பாக்கத்தில், 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பழைய கேள்வியும் புதிய மருத்துவமும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் குடியிருக்கின்றன.

நோயும் செல்லும்

கால் தமனிகள் அடைபடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, சர்க்கரை நோய், புகை, வயது ஆகியவற்றால் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து தடிப்பது. இன்னொன்று, பர்ஜர் நோய். நியூயார்க்கில் பணியாற்றிய லியோ பர்ஜர் 1908-இல் இதை விரிவாக விளக்கியதால் அவர் பெயர் நிலைத்தது. 1879-லேயே வினிவார்டர் என்ற மருத்துவர் இதைக் குறித்திருந்தார். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை என ஏதாவது ஒரு வடிவில் புகையிலை இல்லாமல் இந்த நோய் அநேகமாக வருவதில்லை. நாற்பது வயதைத் தாண்டாத, கூலி வேலை செய்யும் ஆண்களை இது அதிகம் பிடிக்கிறது. கால் விரலில் தொடங்கி மேலே ஏறும்.

அறிகுறிகள் படிப்படியாக வரும். முதலில், கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். பிறகு, படுத்திருக்கும்போதே வலிக்கத் தொடங்கும். இந்த நிலையை எட்டியவரை இரவில் பார்த்தாலே தெரிந்துவிடும். அவர் காலை நீட்டிப் படுப்பதில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கும் காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு விடியும்வரை இருப்பார். தொங்கவிட்டால் எடையின் இழுப்பில் கொஞ்சம் இரத்தம் இறங்கும்; அந்தக் கொஞ்சத்தில் வலி சற்றுத் தணியும். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தால் வகுத்தால் நலமாக இருப்பவருக்கு ஈவு 1-ஐ ஒட்டி வரும், இவருக்கு 0.4-க்கும் கீழே போயிருக்கும். அடுத்த கட்டம் ஆறாத புண், கறுத்த விரல், அழுகல், கடைசியில் காலை எடுப்பது.

அடைப்பு பெரிய குழாயில் இருந்தால் பைபாஸ் செய்யலாம், ஸ்டென்ட் வைக்கலாம். பர்ஜர் நோயில் அடைபடுவன பாதத்தை ஒட்டிய சிறு குழாய்கள். பாலம் கட்ட மறுகரை இல்லாத நிலை அது. இங்கேதான் செல் சிகிச்சை எட்டிப் பார்த்தது. 2002-இல் ஜப்பானிய மருத்துவர் குழு, நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்களையே எடுத்து அவரது கெண்டைக்கால் சதையில் செலுத்திய ஆய்வை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. பிறகு, பிறர் செல்லைப் பயன்படுத்தும் வழி வந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், நலமாக உள்ள கொடையாளர்கள் சிலரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து மீசன்கைமல் என்னும் வகைச் செல்களைப் பிரித்து, வளர்த்து, ஒன்றாகக் கலந்து, ‘ஸ்டெம்பியூசெல்’ என்ற மருந்தாக்கியது. பர்ஜர் நோயால் வந்த கடுமையான கால் இரத்தக் குறைவுக்கு இதைப் பயன்படுத்த இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2016-இல் வரம்புடன் கூடிய அனுமதி அளித்தது. 2020-இல் கொழுப்புப் படிவால் வரும் அடைப்புக்கும் சேர்த்து ஒப்புதல் தந்தது.

அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 20 லட்சம் செல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கோடி. எண் பெரிது, எடை மிகச் சிறிது. ஒரு செல் ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு எடைதான் என்பதால் 12 கோடியும் சேர்ந்து ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும். திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே உறைந்திருந்த குப்பியை இளக்கி, கலவையைக் கரைத்து, மயக்க மருந்து கொடுத்தபின் கெண்டைக்காலில் கட்டம் கட்டமாகக் குறியிட்ட பல இடங்களில் ஊசி ஊசியாக இறக்குகிறார்கள். புண்ணின் ஓரத்திலும் சிறிது செலுத்துகிறார்கள். நாற்று நடும் வயலைப் போல, இடைவெளி விட்டு வரிசையாகப் போகிறது ஊசி.

முதலும் துணையும்

நாற்று என்ற உவமை இங்கே ஓர் எல்லைவரைதான் வரும். நட்ட நாற்று அதே இடத்தில் வளர்ந்து பயிராகும். செலுத்திய செல்கள் அப்படிச் சதையாக மாறுவதாகத் தெரியவில்லை. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே மறைந்துவிடுகின்றன. இருக்கும் காலத்தில் அவை செய்யும் வேலை சேதி சொல்வது. இரத்தக் குழாய் கிளைக்கத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன, அழற்சியைத் தணிக்கின்றன. அந்தச் சேதியைக் கேட்டுப் புதுக் கிளைக் குழாய்களை வளர்ப்பது நோயாளியின் சொந்தச் செல்கள். தசைநாரின் உறைக்கு அடியில், அலெக்சாண்டர் மௌரோ 1961-இல் கண்டறிந்த துணைச்செல்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. இரத்தம் வந்தால் விழித்துச் சதையைச் செப்பனிடுவன அவை. மீசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991-இல் பரப்பிய ஆர்னால்டு கேப்லனே பின்னாளில் அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னார். வேலையைப் பார்த்தால் சேதி தரும் மருந்துச் செல் என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் தெளிவான சொற்கள் உண்டு. ஒரு பானை உண்டாக மூன்று காரணம் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். பானையில் மிஞ்சுவது மண் மட்டும். சக்கரம் பானையாவதில்லை, ஆனால் அது சுழலாமல் பானையும் இல்லை. ஆறிய காலுக்கு முதற்காரணம் நோயாளியின் சொந்தச் சதை. பிறர் செல் துணைக்காரணம்.

கண்ணப்பர் கதையோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வழிந்தபோது பச்சிலை எதுவும் கைகொடுக்கவில்லை. சதையின் நோயைச் சதையே தீர்க்கும் என்று முன்னோர் சொன்னது கண்ணப்பருக்கு நினைவு வர, அவர் தம் கண்ணையே அகழ்ந்து அப்பினார் என்று சேக்கிழார் பாடுகிறார். அது உறுப்பு மாற்று மருத்துவத்தின் இலக்கணம். கொடுத்த கண் பெற்ற இடத்தில் கண்ணாகவே இருக்கிறது. சிறுநீரகமும் கல்லீரலும் இன்று அப்படித்தான் இடம் மாறுகின்றன. கெண்டைக்காலில் இறங்கும் செல் அந்த வகையில் சேராது. அது வந்து, சொல்லிவிட்டு, போய்விடுகிறது. பொருளைக் கொடுப்பதைவிட உபதேசம் செய்வதற்கு நெருக்கமான செயல் இது.

‘என் உடல்’ என்பவர்

பிறர் செல் தங்காது என்பதால் மட்டும் முதல் கேள்வி தீர்ந்துவிடாது. தங்கினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டாக வேண்டும். இரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவரின் உடலில் வாழ்நாள் முழுவதும் ஓடுவது கொடையாளரின் செல்கள் உண்டாக்கும் இரத்தம். அவர் ‘என் இரத்தம்’ என்று சொல்வது பிழையா?

இந்தக் கேள்விக்குச் சுருக்கமான விடை 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் எழுதப்பட்ட சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் இருக்கிறது. 12 சூத்திரம், 40 அடி, அவ்வளவுதான் நூல். மூன்றாம் சூத்திரத்தில் மெய்கண்டார், உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்கு ஏழு காரணம் அடுக்குகிறார். அவற்றில் ஒன்று பேச்சு வழக்கிலிருந்தே எடுத்தது. எல்லோரும் ‘என் உடல்’ என்கிறார்கள். ‘என்’ என்ற சொல் உடைமையைக் குறிக்கும். தன் செல்வத்தை ‘என்னுடையது’ என்பவர் அந்தச் செல்வமே தாம் என்று கருதுவதில்லை. அதுபோல ‘என் கை, என் கால்’ என்பவரும் கையிலும் காலிலும் வேறானவர். உடலை மாயையால் ஆன கருவியாகவே அந்தச் சூத்திரம் பார்க்கிறது.

இந்த வாதத்தின்படி, நோயாளியின் ‘நான்’ எந்தச் செல்லிலும் குடியிருக்கவில்லை. பிறந்த நாளில் இருந்த சதையும் அவருக்கு இரவல். பிறர் கொடுத்த செல்லும் இரவல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காலக் கணக்கு மட்டும்.

எதிர்த் தரப்பு வலுவில்லாதது என்று சொல்ல முடியாது. உலகாயதர் உடலே ஆன்மா என்றனர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் தனித்தனியே சிவப்பு இல்லை. சேர்த்து மென்றால் சிவக்கிறது. அறிவும் அப்படிப் பூதங்களின் சேர்க்கையில் பிறப்பது என்றனர். இன்றைய நரம்பியல் வேறு சொற்களில் இதற்கு அருகில்தான் நிற்கிறது. ஆனால் உலகாயதரின் உவமையே ஒரு விடையையும் தருகிறது. வெற்றிலை எந்தக் கொடிக்காலில் பறித்தது என்று சிவப்பு கேட்பதில்லை. சேர்க்கை குலையாமல் இருந்தால் போதும். ஆக, உடலே நான் என்பவருக்கும் பிறர் செல் இடைஞ்சலாவதில்லை.

பௌத்தர் வேறு வழியில் வருகிறார்கள். அவர்களுக்கு உடைமைக்காரரும் இல்லை, உடைமையும் இல்லை. கணந்தோறும் மாறும் ஓட்டமே உண்டு. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர், தேரின் சக்கரமா தேர், அச்சா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது இதற்குத்தான். கிரேக்கரிடமும் இதே புதிர் உண்டு. தீசியசின் கப்பலில் பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின் அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். உடலில் இந்தப் பலகை மாற்றம் நாளும் நடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சுவீடனின் யோனாஸ் ஃபிரிசன் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 அளவை வைத்து 2005-இல் செய்த கணக்கின்படி, முப்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவரின் விலா இடைத் தசைச் செல்களின் சராசரி வயது 15 ஆண்டை ஒட்டியே வந்தது. பிறர் செல் வருவதற்கு முன்பே கால் பழைய கால் இல்லை.

மெய்கண்டார் மரபுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. உடல் வேறு, நான் வேறு என்றால், இரவெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர் ‘என் கால் துடிக்கிறது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘நான் துடிக்கிறேன்’ என்கிறாரே? இதற்குச் சித்தாந்தம் தரும் விடை ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. செம்பூவின் அருகே வைத்த பளிங்கு சிவந்து தோன்றுவதுபோல உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைக் காட்டும். உடலைச் சார்ந்திருக்கும்வரை உடலின் வலி உயிரின் வலி. உடல் வெறும் கருவி என்று சொல்லி வலியை அலட்சியம் செய்ய இந்த மரபு இடம் கொடுப்பதில்லை. திருமூலரும் உடம்பை முதலில் இழிவாக எண்ணியதாகவும், உள்ளே உறைவது எது என்று கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் சொல்கிறார். இரவல் பொருளைச் சொந்தப் பொருளைவிடக் கவனமாகக் காப்பது ஊர் வழக்கம். உடலுக்கும் அதுவே முறை.

செல் ஓர் உயிரா

இரண்டாம் கேள்வி, குப்பிக்குள் உறைந்திருப்பது எது என்பது. மைனஸ் 150 டிகிரியில் அந்தச் செல் உண்ணவில்லை, சுவாசிக்கவில்லை, பெருகவில்லை. இளக்கினால் மூன்றையும் செய்கிறது. இடைப்பட்ட காலத்தில் அது உயிரோடு இருந்ததா?

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உள்ள ஓரறிவுயிர், மனிதர் ஆறறிவுயிர். தனிச் செல்லுக்கு அதில் இடம் இல்லை. சமணத்தில் அதற்கு நெருங்கிய ஓர் இடம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உலகெங்கும் நிறைந்திருக்கின்றன என்பதும், ஒரே உடலைப் பல உயிர்கள் பங்கிட்டு வாழும் நிலை உண்டு என்பதும் அவர்கள் கொள்கை. மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்குகளை நோன்புடையோர் தவிர்ப்பதற்கு இதுவும் காரணம். மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணருக்கு உருளைக்கிழங்கு உண்பது வெறும் உணவுப் பழக்கம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருப்பதில்லை. அந்தக் கண்ணில் பார்த்தால், 12 கோடி செல்லைச் செலுத்துவது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு செயல்.

சைவ சித்தாந்தம் இங்கே வேறு கோடு போடுகிறது. மெய்கண்டாரின் ஏழு காரணங்களில் இன்னொன்று உறக்கத்தைப் பற்றியது. ஆழ்ந்து உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நுகர்வும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சே உயிராகிவிடாது. இதைச் செல்லுக்குப் பொருத்தினால், இயங்குவது மட்டும் உயிர் இருப்பதற்குச் சான்றாகாது. செல் இயங்குகிறது, ஆனால் ‘எனக்கு வலிக்கிறது’ என்று அறிவது செல் இல்லை. கொடையாளரின் உடலைவிட்டு வந்த செல்லோடு அவரது உயிரின் துண்டு ஒன்று வரவில்லை. கொடுத்தவரின் குணம் பெற்றவருக்கு வந்துவிடுமோ என்று வீடுகளில் எழும் அச்சத்துக்கு இந்தப் பார்வையில் அடிப்படை கிடையாது.

கிறித்தவ, இஸ்லாமிய மரபுகளில் இந்த விவாதம் கருவைச் சுற்றியே நடக்கிறது. கருவை அழித்துச் செல் எடுப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. வளர்ந்தவரின் உடலிலிருந்து அவருக்குக் கேடின்றி எடுப்பதை ஏற்கிறது. 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரையிலும் இந்த வேறுபாடு சொல்லப்பட்டிருக்கிறது. இஸ்லாமிய அறிஞர் பலர், கருவில் உயிர் ஊதப்படுவது 120-ஆம் நாளில் என்ற மரபை வைத்து இதை ஆராய்கிறார்கள். கெண்டைக்கால் சிகிச்சைக்குச் செல் வருவது வளர்ந்தவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து. ஆகவே கருவைப் பற்றிய வழக்கு இங்கே எழுவதில்லை.

தராசில் ஏறிய சதை

மூன்றாம் கேள்வி கொடையைப் பற்றியது. பனையபுரம் பனங்காட்டீசுவரர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். திருஞானசம்பந்தர் பாடிய நாளில் ஊரின் பெயர் புறவார் பனங்காட்டூர். பருந்துக்குத் தப்பி வந்த புறா சிபியிடம் அடைக்கலம் புகுந்தது. பருந்து தன் இரையைக் கேட்டது. புறாவின் எடைக்குத் தன் தொடைச் சதையைத் தருவதாகச் சிபி தராசில் வைத்தான். எவ்வளவு அரிந்து வைத்தாலும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் அவனே தட்டில் ஏறி நின்றான். சோழர் தம்மைச் செம்பியன் என்று சொல்லிக்கொண்டது இந்தச் சிபியின் வழி வந்தவர் என்ற பெருமையில். அன்புடையவர் தம் எலும்பையும் பிறருக்கு உரியதாகக் கருதுவர் என்று வள்ளுவர் சொன்னதற்கு உரை எழுதிய பரிமேலழகரும் சிபியையே சான்று காட்டுகிறார். எலும்பின் உட்சோற்றை ஊசியால் உறிஞ்சிக் கொடுக்கும் காலத்தில் அந்தக் குறள் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

கதையின் கூர்மை தராசில் இருக்கிறது. உயிரைச் சதையின் எடையால் ஈடு செய்ய முடியாது என்பதே தட்டு இறங்காததன் பொருள். செல் சிகிச்சையிலும் ஒரு கிராமுக்குக் குறைந்த பொருள் ஒரு காலைக் காப்பாற்றப் பார்க்கிறது. எடைக்கு எடை என்ற கணக்கு இங்கும் செல்லாது. ஆனால் சிபியின் கொடைக்கும் இன்றைய கொடைக்கும் இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. சிபிக்குப் புறாவைத் தெரியும். மஜ்ஜை கொடுத்தவருக்குத் தன் செல் யார் காலில் இறங்கும் என்பது தெரியாது. சிபி கொடுத்தது ஒரு புறாவுக்கு; ஆய்வகத்தில் பெருகும் ஒருவரின் செல் பலருக்குப் போகிறது. பெறுபவரின் முகம் தெரியாமல், நன்றியை எதிர்பார்க்க வழியும் இல்லாமல் கொடுப்பதைக் கைம்மாறு வேண்டாத கொடை என்று தமிழ் மரபு உயர்த்திச் சொல்லும். மழைக்கு உலகம் என்ன திருப்பித் தருகிறது என்று கேட்டவர் வள்ளுவர்.

ஆளோலையும் ஒப்புதல் படிவமும்

இடையில் நிறுவனம் வந்ததும் கொடையின் முகம் மாறுகிறது. கொடையாளர் இலவசமாகக் கொடுத்தது, வளர்த்து, சோதித்து, குப்பியில் அடைத்தபின் விலையுள்ள மருந்தாகிறது. உழைப்புக்கும் ஆய்வுக்கும் விலை உண்டு என்பது நியாயம். ஆனால் மூலப்பொருள் மனித உடல்.

இந்த வழக்கை உலகம் இரண்டு முறை உரக்கப் பேசியது. 1951-இல் அமெரிக்காவில் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுத் திசுவிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் ‘ஹீலா’ என்ற பெயரில் உலக ஆய்வகங்களில் இன்றும் வளர்கின்றன. அவர் அதே ஆண்டு இறந்தார். குடும்பத்துக்குச் செய்தி எட்டவே பல ஆண்டுகள் ஆயின. ஜான் மூர் என்பவரின் மண்ணீரல் செல்களிலிருந்து காப்புரிமை பெற்ற செல் வரிசை உருவானதைப் பற்றிய வழக்கில், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. வெட்டி எடுத்த செல்களின் மேல் அவருக்குச் சொத்துரிமை இல்லை. ஆனால் தன் ஆய்வு நலனையும் பண நலனையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மனித உறுப்பை விலைக்கு விற்பதைக் குற்றமாக்கியது. 2011-இல் செய்த திருத்தம் திசுக்களையும் அதற்குள் கொண்டுவந்தது.

உடல் சொத்தா என்ற இந்த வழக்கின் சாயல் திருவெண்ணெய்நல்லூரிலேயே ஒருமுறை அவைக்கு வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், ‘இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இது’ என்றார். ஆரூரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனது. முதியவர் மூல ஓலையைக் காட்ட, கையெழுத்து ஒத்துப்போக, தீர்ப்பு அவர் பக்கம் ஆனது. வந்தவர் சிவபெருமான் என்று தெரிந்தபின் ஆரூரர் சுந்தரராகிப் பாடத் தொடங்கினார்.

பக்தி நூலாகப் படித்தால் இது தடுத்தாட்கொண்ட கதை. உடைமை பற்றிய கதையாகப் படித்தால் வேறொன்று புலப்படும். உடலின் மேல் இறுதி உரிமை உடலுக்குரியவரிடமும் இல்லை என்பது சித்தாந்தத்தின் நிலை. ஆளும் உடைமையும் இறைவனுடையவை. அந்த உரிமையை இன்னொரு மனிதர் கோர முடியாது என்பதும் அதற்குள் அடங்கும். எனவே செல்லை எடுப்பவர் அதை ஏற்றுக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ள முடியாது. இன்றைய மருத்துவமனையில் அந்த எல்லையைக் காப்பது ஒப்புதல் படிவம். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுப்படுத்தலாம் என்ற நிலை இங்கே இல்லை. கொடுப்பவர் தாமே படித்து, புரிந்து, மனமொப்பி இடும் கையெழுத்து மட்டுமே செல்லும்.

ஆறியது எதனால்

பிறர் செல்லைப் பெறுவது தகும் என்றாகிவிட்டாலும், அது வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. உண்மையை அறியும் கருவிகளைச் சைவ சித்தாந்தம் அளவை என்கிறது. காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் முதன்மையாகக் கொள்கிறது. ஊசி போட்ட மூன்று மாதத்தில் ஒருவருக்கு வலி குறைந்து தூக்கம் வந்தால் அது காட்சி. அந்தக் குறைவு செல்லால் வந்தது என்பது கருதல். இரண்டுக்கும் நடுவில் விழுந்துபோகிறவர்கள் பலர்.

நெதர்லாந்தில் 160 நோயாளிகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஜுவென்டாஸ் ஆய்வு இதைக் காட்டியது. ஒரு பிரிவினருக்கு அவரவர் மஜ்ஜைச் செல்லைக் கால் தமனியில் செலுத்தினார்கள். மறு பிரிவினருக்கு வெறும் கலவை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரு பிரிவினருக்குமே வலி குறைந்தது; கால் இழப்பில் வேறுபாடு தென்படவில்லை. செல்லைப் பெற்றவர்களை மட்டும் பார்த்திருந்தால் சிகிச்சை வென்றதாகவே தோன்றியிருக்கும். நஞ்சுக்கொடிச் செல்லைக் கால் தசையில் செலுத்திய ஓர் இஸ்ரேலிய நிறுவனத்தின் பெரிய ஆய்வும், இலக்கை எட்டும் வாய்ப்பு குறைவு என்று இடைக்காலக் கணக்கில் தெரிந்ததால் 2020-இல் நிறுத்தப்பட்டது. இந்திய மருந்தின் ஒப்புதலுக்கு வழிவகுத்த பர்ஜர் நோய் ஆய்வில் 90 பேர் இருந்தனர். செல்லைப் பெற்றவர்களுக்கு வலி குறைவதும் புண் ஆறுவதும் கூடுதலாக இருந்தன. ஆனால் யாருக்குச் செல் போகிறது என்பது மறைக்கப்படாத ஆய்வு அது. செல்லின் வகை, நோயின் வகை, செலுத்தும் வழி மூன்றும் மாறுவதால் ஓர் ஆய்வின் தோல்வி இன்னொன்றைப் பொய்யாக்காது. ஒன்றின் வெற்றி மற்றவற்றுக்குச் சான்றும் ஆகாது.

மூன்றாம் அளவையான உரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொல்பவர் ஐயமும் திரிபும் இல்லாதவராக, தம் நலம் கருதாதவராக இருக்க வேண்டும். விலை வைத்து விற்பவரின் உரை அந்த நிபந்தனையில் தேறுவது கடினம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஒப்புதல் பெறாத ஸ்டெம் செல் சிகிச்சையை ஆய்வு என்ற வரம்புக்குள் மட்டுமே செய்யலாம் என்றன. 2019-இன் புதிய மருந்து விதிகளும் ஸ்டெம் செல்லிலிருந்து உண்டாக்கும் பொருளைப் புதிய மருந்தாகவே நடத்துகின்றன. முழங்கால் தேய்மானம் முதல் மூளை வளர்ச்சிக் குறை வரை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று விளம்பரம் செய்வது இந்த நெறிக்கு வெளியே நிற்கிறது. கடைசி நகையை அடகு வைத்துவிட்டு வரும் குடும்பத்திடம் நிரூபணமாகாததை நிரூபணமானதாகச் சொல்வது அறிவியல் பிழை என்பதைவிட வாய்மைப் பிழை.

வினையும் பீடியும்

கடைசியாக, நோயை வினையின் பயன் என்று கொள்பவர் சிகிச்சை தேடலாமா என்ற கேள்வி. வினைக் கொள்கையைச் சோம்பலுக்குச் சாக்காக்குவதை அந்தக் கொள்கையின் ஆசிரியர்களே ஏற்கவில்லை. நுகர வந்த வினை பிராரத்தம்; அதை நுகரும்போது புதிதாகச் செய்வது ஆகாமியம். நோய் முன்னதில் சேர்ந்தாலும் மருந்து உண்பது பின்னதில் சேரும். மருந்துக்குத் தனி அதிகாரமே வைத்த வள்ளுவர், நோயின் மூலத்தைத் தேடித் தணிக்கச் சொல்கிறார்.

பர்ஜர் நோயில் அந்த மூலம் கையெட்டும் தூரத்தில், சட்டைப் பையில் இருக்கிறது. புகையிலையை அறவே விட்டவருக்கு நோய் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. விடாதவருக்கு எந்தச் சிகிச்சையும் நெடுநாள் கைகொடுப்பதில்லை. பைபாஸ் ஆனாலும் செல் ஆனாலும் இதில் வேறுபாடு இல்லை. துணைக்காரணம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் முதற்காரணத்தின் பக்குவம் வேண்டும் என்பது இதன் பொருள். ஈரப்பதமில்லாத மண்ணைச் சக்கரத்தில் வைத்தால் பானை எழாது.

மூன்று கேள்விகளின் விடைகளும் இதில் வந்து சேர்கின்றன. பிறர் செல்லால் ஆறிய கால், அதைத் தாங்கி நடப்பவரின் கால்தான். அதைச் செப்பனிட்டது அவருடைய சதை. அந்தச் செல் கொடுத்தவரின் உயிரைச் சுமந்து வரவில்லை. அவருடைய மனமொப்பிய கொடையைச் சுமந்து வந்தது. அந்தக் கொடைக்குக் கொடுத்தவரைத் தேடிப்போய்ச் செலுத்தும் கைம்மாறு எதுவும் இல்லை. பெற்றவர் செய்யக்கூடியது, இரவலாக வந்த காலைக் கவனமாக வைத்துக்கொள்வதும், பீடிக்கட்டைத் திரும்பத் தொடாமல் இருப்பதும்.